பட்டியலிலிருந்து நீக்கவா?

கால்புக்கோ மழை
வேலைநாளில் விடுப்பு எடுப்பதில்லை.
எட்டு மணிக்கு ஈரக் கோட்டோடு உட்கார்ந்து
எக்செலைத் திறக்கிறேன்.
அட்டவணைக்கு முன்னால் வந்து நிற்கிறது
மஞ்சள் முக்கோணம் ஒட்டிய பெட்டி:
'தீவனம் என்ற துணைநிரலைக் காணவில்லை.
இடம் மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம்,
அழிந்திருக்கலாம்.'
சரி.

மூன்று வருடமாக, காலைதோறும், சரி.
கல்யாணத்தன்று பாதிரியார்கூட
ஒருமுறைதான் கேட்டார்.

இன்று பொறுமை போனதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.
மாத்தே உறிஞ்சும் குழலில் இலை அடைத்துக்கொண்டது,
அவ்வளவுதான்.
கோப்பு, விருப்பங்கள், துணைநிரல்கள்,
அடியில் 'செல்' என்று ஒரு பொத்தான்.
சென்றேன்.
வரிசையில் கடைசியாகத் தீவனம்,
பக்கத்துக் கட்டத்தில் இன்னமும் டிக்.
அது இருந்த கணினி
பழைய இரும்போடு எடைக்குப் போய்விட்டது.

பெலார்மினோவுக்கு போன் போட்டேன்.
ஓசோர்னோவில் டயர் கடை வைத்திருக்கிறான் இப்போது.
"அதுவா? இன்னுமா தேடுது?"
ஏழு கூண்டு சால்மனுக்கு
நாளைக்கு எத்தனை மூட்டை என்று பார்க்க
ஒரே ராத்திரியில் எழுதினானாம்.
ஐந்து கூண்டைச் சிவந்த கடல் தின்றது.
மிச்சம் இரண்டையும் நார்வேக்காரர்கள் வாங்கினார்கள்,
அவர்களுக்கு வேறு மென்பொருள்.
நான் போடுவது பனிக்கட்டிக் கணக்கு.
இதில் மீனே கிடையாது.

"உன்கிட்ட பிரதி இருக்கா?"
அந்தப் பக்கம் ஏதோ சக்கரம் காற்றை விட்டது.
"தேடணும், எதுவினா."
தேடமாட்டான்.
கிடைத்தாலும் எதற்கு என்று
நானும் சொல்லவில்லை.

டிக்கை எடுத்தேன்.
இத்தனை நாள் செய்தி மட்டும் சொன்னது
முதல்முறையாக என்னைக் கேட்டது:
'தீவனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.
பட்டியலிலிருந்து நீக்கவா?'

ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம்.
கீழே லாரி ஹாரன் அடித்தது.
பனிக்கட்டி காத்திருக்காது.
ஆம்.

மறுநாள் பெட்டி வரவில்லை.
அட்டவணை தானே திறந்து கிடந்தது.
தட்டாமல் உள்ளே நுழைந்துவிட்டதுபோல
எனக்குத்தான் கூச்சம்.
விரலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது,
பழக்கத்தில் என்டரைத் தட்டிவிட்டது.

முதல் லோடு, பதினாறு டன்,
ஒரு வரி தள்ளி விழுந்திருக்கிறது.
மேலே ஒரு வெற்றுக் கட்டம்.
மதியத்துக்குமேல் சரிசெய்யலாம்.