நனைந்த இடம் வரை

ஸ்டீல் டேப்பின் கடைசி மூன்று மீட்டருக்கு
சாக்பீஸ் தேய்த்துக்கொள்கிறேன்.
குழாய்க்குள் இறக்குகிறேன்.
எப்போது தொட்டது என்று கைக்குத் தெரியாது.
ஏற்றிப் பார்த்தால்
வெள்ளை எங்கே சாம்பலாகிறதோ
அங்கே தண்ணீர்.

மீஞ்சூர், வல்லூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு.
மாதம் இருபத்தாறு குழாய்கள்.
மற்ற நாட்களில் அவை
பான்பராக் உறை போட வசதியான ஓட்டைகள்.

அரியலூருக்கு மாற்றலாகிப்போன குணசீலி
ராத்திரி போனில் சொல்கிறாள்:
"இங்க கல்லே கரையுதுடி. சுண்ணாம்புக் கல்லு.
ஒரு கெணத்துல சாயம் ஊத்துனோம்,
மூணாம் நாள்
ஓடைக்கு அந்தாண்ட ஒரு வீட்டுக் கொடத்துல
பச்சையா வந்து நிக்குது.
தண்ணி கீழ தனக்குன்னு ரோடு போட்டு வெச்சிருக்கு.
மேல இருக்கறவன் அந்த ரோட்டையே வெட்டி
மூட்டை அம்பது கிலோன்னு கட்டுறான்.
நீ டேப்ல பூசறியே, அதுவும் எங்க ஊரு கல்லுதான்."

"சாக்பீஸ் ஜிப்சம்டி" என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவள்.

இங்கே கல் இல்லை, குகை இல்லை.
முழுக்க மணல்.
காலை எட்டேகால் கும்மிடிப்பூண்டி வண்டியில்
இறங்க வழி கேட்பவர்போல
மணலுக்கும் மணலுக்கும் நடுவே
உடம்பை ஒடுக்கி ஒடுக்கி வரும் தண்ணீர்.
கடலும் அந்த வண்டியில்தான் ஏறியது.
அலை இல்லை, இரைச்சல் இல்லை,
யாரையும் இடிக்கவில்லை.
எழுந்தவன் சீட்டில் உட்கார்ந்துகொண்டது.
எழுப்பிவிட்டது நம் மோட்டார்.

வல்லூர் ஷகீலா பானு
என் மீட்டரை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.
"எவ்ளோ காட்டுது?"
"நாலாயிரத்து நூறு."
"இது இன்னிக்கு சொல்றத
என் துவரம்பருப்பு போன வருஷமே சொல்லிச்சு.
நாலு விசில். வேகல."

பதினேழாம் எண் குழாய் இந்த மாதம் இல்லை.

இருந்த இடத்தில் கன்டெய்னர் யார்டு.
போனில் நீலப் புள்ளி
இங்கேதான் என்று துடிக்கிறது.
இங்கே என்றால்
நாற்பது அடி டிரெய்லரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்,
இன்னும் ஈர வாசனை போகாத சிமென்ட்.
"கொழாயா? லெவல் பண்ணிட்டாங்க மேடம்,"
என்கிறார் வாட்ச்மேன் ஏகாம்பரம்,
ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

வண்டிக்கடியில் ஊர்ந்துபோய்
கையால் தட்டிப் பார்த்தேன்.
எல்லா இடமும் ஒரே சத்தம்.
சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன்.
"கோலமா?" என்றார்.
பதில் சொல்லத் தெரியவில்லை.
முழங்கையில் கிரீஸ்.

கழுவ யார்டு குழாயைத் திறந்தேன்.
நுரைக்காத சோப்பு, வழுக்காத கை.
அவர் கேன் தண்ணீர் ஊற்றினார்.
"இதயும் அந்த மெஷின்ல பாருங்களேன்."
எண்பத்து நாலு.
"சுத்தம்," என்று சந்தோஷப்பட்டார்.
"எங்கேர்ந்து வருது?"
"சோழவரம் பக்கம், போர்த் தண்ணி. லாரில வரும்.
கம்பெனில சுத்தம் பண்ணி முப்பது ரூபா."
சோழவரம் என் பட்டியலில்
இருபத்து மூன்றும் இருபத்து நாலும்.
போன மாதம் இரண்டும் முக்கால் மீட்டர் இறங்கியவை.
அதை அவரிடம் சொல்லவில்லை.
அவர் கேன், அவர் முப்பது ரூபாய்,
என் கைக்கு ஊற்றினார்.

ஆபீசில் தணிகாசலம் சார்
போன மாத அளவையே போடச் சொன்னார்.
"ஒரு குழாய்தானே. ரிப்போர்ட்ல ஓட்டை விழக் கூடாது."
முப்பத்தோரு வருடமாக
யார் யாரோ டேப் இறக்கி எழுதிய எண்கள்,
ஒரே பக்கத்தில் ஆறு பேர் கையெழுத்து,
ஒன்றில் மழைத்துளி பட்டு மை பரவியிருக்கிறது.

'வறண்டது' என்று எழுதலாம். பொய்.
'அடைபட்டது' என்றால்
யாரோ எலி செத்ததாக நினைப்பார்கள்.

ஆழம் என்ற கட்டத்தில்,
கட்டம் போதாமல் ஓரத்துக்கும் ஏறி எழுதினேன்:
கீழே தண்ணீர் இருக்கிறது.
மேலே நிற்கும் வண்டியின் எண்
டிஎன் பதினெட்டு, மீதி அழுக்கில் தெரியவில்லை.