பத்தாவது வளைவு

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தோம்.
வைத்துக்கொண்டே வந்திருந்தார் பொன்னுவேல்.
"பழக்கங்க. கை தானாப் போயிருச்சு."
ஷாம்பூ பாக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்து
குழாயடிக்கு அனுப்பினேன்.

ஏற்காடு பஸ் கண்டக்டர், பதினேழு வருஷம்.
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு தெரியும்,
பலகைக்குக் கீழே குந்தியிருக்கும் குரங்கு வரைக்கும்.
அப்புறம் பதினொன்று.
"தூக்கம் இல்லீங்க.
தூங்குனா எந்திரிச்சதும் தூங்கினோம்னு தெரியுமில்ல.
இதுல பத்து வந்ததே தெரியல."

ஆனால் அந்தப் பத்தில்
ஒண்டிக்கடைக்கு ரெண்டு டிக்கெட் அடித்திருக்கிறார்.
ஐந்நூறுக்கு மீதி எண்ணியிருக்கிறார்,
ஒரு ரூபாய் பிசகவில்லை.
பஸ்ஸில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

"அப்ப டிக்கெட் குடுத்தது யாருங்க?"

நான் பசை தடவிக்கொண்டிருந்தேன்.
இருபத்தொரு கம்பி, அளவு நாடா, சிவப்புப் பென்சில்.
அசையாம படுங்க என்றேன்.

நாற்பது நிமிஷத்தில் ஒருமுறை,
இடது பொட்டுக்கு மேலே நாலு கோடு மட்டும்
முள்முள்ளாய் எழுந்து அடங்கியது.
அவர் விரல்கள் போர்வை ஓரத்தை
எதையோ கிழிப்பதுபோல் இழுத்துவிட்டன.
"இதுதான்," என்று வட்டம் போட்டார் டாக்டர் பியூலா.
மாத்திரை எழுதினார். சரியான மாத்திரை.

மின்சாரம் எங்கே பிசகுகிறதென்று காட்டிவிடலாம்.
பிசகாத நேரமெல்லாம்
அது ஏன் பொன்னுவேலாக இருக்கிறது என்று கேட்டால்
பிரிண்டர் காகிதம் கேட்கிறது.

மறுநாள் மதியம், ஆள் இல்லாத அறையில்,
என் பின்மண்டையில் நானே கம்பி ஒட்டிக்கொண்டேன்.
கண்ணை மூடினால் அங்கே ஓர் அலை வரும்,
விநாடிக்குப் பத்து, நெளிந்து, சோம்பலாக.
திறந்தால் கலைந்துவிடும்.
தினமும் யாருக்காவது பார்ப்பதுதான்.
என்னுடையதைப் பார்க்கத் திறந்தேன்:
கலைந்த கோடு.
மூடினேன். வந்திருக்கும்.
பார்க்க ஆள் இல்லை.

பதிவை ஓட்டிப் பார்க்கலாமே என்பீர்கள்.
பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.
ஒன்று நாற்பத்திரண்டுக்குக் கண் மூடியிருந்தவளை
ஒன்று ஐம்பதுக்கு இன்னொருத்தி பார்த்தாள்.
மூடியிருந்தவளுக்கு அப்போது
கீழே தட்டுவடை செட் கடையில்
பீட்ரூட் துருவும் வாசம் வந்தது.
பச்சையாய், மண்ணாய், கொஞ்சம் இனிப்பாய்.
அது எந்தக் கோட்டில் இருக்கிறது?
ஒவ்வொன்றாகத் தேடினேன்.
இருந்தால் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல்
தேடினேன்.

உணர்வு என்றால் உணர்வதுதான்,
இதைவிடப் பெரிதாக
என் டிப்ளமோ புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

பொன்னுவேலுக்கு இப்போது டிப்போவில் உட்கார்ந்த வேலை.
மூன்று மாதமாக வரவில்லையாம் அந்த ஆள்,
அந்த டிக்கெட் கொடுத்தவர்.
"நல்லாத்தான் எண்ணுனாரு," என்று போனில் சிரிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன்,
பத்தாவதை மட்டும் பார்த்துவிட்டு வர.
அடிவாரம் தாண்டியதும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டேன்.
ஐந்து. ஆறு.
ஏழில் மரம் ஏற்றிய லாரிக்கு ஒதுங்கி நின்றோம்.
எட்டு.
அவர் கேள்வி ஞாபகம் வந்தது,
கிழிக்கும் அந்த விரல்கள்,
எனக்குள் யார் என்னென்ன செய்கிறார்களோ என்று
எதையோ நெருங்கிவிட்ட மாதிரிகூட இருந்தது.
குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.
மஞ்சள் பலகை.

பதின்மூன்று.

கையில் டிக்கெட் இருந்தது,
நான்காக மடித்து.