நாற்பது கிராம்

நான் வாசித்த பழைய நாவல்களில்
கெட்டவன் ஒரே இரவில் திருந்திவிடுகிறான்.
வெளியே பனி கொட்டும்.
கோயில் மணியோ காய்ச்சலோ
இரண்டில் ஒன்று கட்டாயம் வரும்.
அடுத்த அத்தியாயத்தில்
சவரம் செய்த முகத்தோடு
ஏழைகளுக்குக் கம்பளி கொடுப்பான்.

திருகோணமலையில் பனி இல்லை.
கொட்பேத் துறைமுகத்தில் ஐஸ் உண்டு,
லொறியில் வரும், உமி ஒட்டியபடி.
அந்த ஐஸ் அறைக்குப் பக்கத்தில்
மீன்பெட்டி மேல் குந்தி
நூலகத்துப் புத்தகங்களை
ஒன்றொன்றாய் முடித்தேன்.
பக்கம் புரட்டிய விரலால்தான்
மீன் நிறுத்தேன்.

தட்டுக்கு அடியில் நாற்பது கிராம் ஈயம்.
வலையில் கட்டும் ஈயம்தான்,
சுத்தியலால் தட்டித் தட்டி
பிஸ்கட் போலத் தட்டையாக்கி ஒட்டியது.
நாளுக்கு முப்பது நிறுவை.
வருடத்துக்கு முன்னூறு நாள். ஒன்பது வருடம்.
கொப்பியில் பெருக்கிப் பார்த்தேன்:
மூவாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
கடலில் பிறக்காத மீன்
ஒரு லொறி நிறைய விற்றிருக்கிறேன்.
செதில் கிடையாது, முள் கிடையாது,
நாறவும் இல்லை.

முதலாளிக்கு முக்கால், எனக்குக் கால்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஈயம் தானாகவே கழன்று விழுந்தது.
உப்புக்காற்று பசையைத் தின்றுவிட்டது.
அன்றைக்கு நான் திருந்தினேன் என்று சொன்னால் பொய்.
கடை பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.
புதன்கிழமை சோம்பல்.
வியாழன் பசை வாங்கினேன்.
அந்த ட்யூப் இன்னும் என் மேசை லாச்சியில்
மூடி திறக்காமல் கிடக்கிறது.
ஏன் என்று என்னைக் கேளாதீர்கள்.

கன்னியாவுக்குப் போனேன்.
ஏழு கிணற்றிலும் வாளி வாளியாய் அள்ளி ஊற்றினேன்.
ஒன்று இளஞ்சூடு, ஒன்று தோலைச் சுட்டது.
திரும்பி வரும் பஸ்ஸில்
பக்கத்து ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு
மற்றச் சீட்டுக்கு மாறினான்.

ஜமாலியாவில் சுலைகா உம்மாவின் படலைக்குக்
காசு உறையோடு போனது ஒரு வெள்ளி பின்னேரம்.
சொன்னேன். எல்லாம் சொன்னேன்.
நாவலில் இந்த இடத்தில் யாராவது அழ வேண்டும்.
அவர் வெற்றிலையைத் துப்பினார்.
"ஈயம் எனக்குத் தெரியாதா மனே?
ஒன்பது வருஷம் கண்ணை எங்கே வைத்திருந்தேன் என்று நினைத்தாய்?
உன் நாற்பதைப் பிடிக்க
என் தராசில் நான் அறுபது ஒட்டினேன்."

உறையைத் திருப்பித் தந்தார்.
மேலதிக இருபதுக்கு
அல்லாஹ்விடம் நான் கதைத்துக்கொள்கிறேன் என்றார்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், முருகாபுரி,
மீன்குழம்பு கொதித்த எல்லா அடுப்பிலும்
ஒரு துண்டு குறைந்திருக்கிறது.
பிள்ளைக்குப் போட்டுவிட்டுத்
தன் சோற்றில் வெறும் குழம்பை ஊற்றிய
எந்தத் தாயின் கதவைப் போய்த் தட்டுவது?
உறையில் யார் பெயரை எழுதுவது?
பஸ் நிலையத்தில் வெகுநேரம் இருந்தேன்.
ஒரு மான் வந்து
கணக்குக் கொப்பியின் மூலையைக் கடித்தது.
தடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நிறுவைக்கும் மேலே
ஒரு சூடை மீன் போடுகிறேன், என் கூலியிலிருந்து.
பெண்கள் சந்தோஷப்படுவதில்லை.
ஒன்பது வருடம் பேசாமல் வாங்கிப் போனவர்கள்
இப்போதுதான் தட்டை உற்றுப் பார்க்கிறார்கள்.
"இதென்ன புதுக் கள்ளம்?"
நேற்று சவரியம்மாவின் மருமகள்
தட்டைப் பிடுங்கித் தலைகீழாய்த் திருப்பினாள்.

முழுவதும் துரு.
நடுவில் பிஸ்கட் அளவில் ஒரு வட்டம்,
ஈயம் மூடியிருந்த இடம் மட்டும்
இன்னும் மினுங்கியது.

அவள் அதைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
"நிறு" என்றாள்.