நிரையும் நிரலும்

மல்லாவிக் கணினி வள நிலையத்தில்
ஆசிரியர் பதினெட்டு, கணினி பதினொன்று,
அதில் உயிருள்ளது ஒன்பது.
எனக்கும் அருள்நாயகி ரீச்சருக்கும்
ஒரு மவுஸ். மாறி மாறி.

மூன்றாம் தவணைப் புள்ளிகளோடு வரச்சொல்லிக் கடிதம்.
என் கொப்பி ஒருமுறை மழையில் நனைந்தது;
நீல மை அடுத்த பக்கத்துக்கும்
புள்ளி போட்டிருந்தது.
தரம் ஒன்பது பி. முப்பத்திரண்டு பேர்.

"நிரை எண்டால் பிள்ளை. நிரல் எண்டால் பாடம்."
சொன்னவர் நிரோஜன் சேர்.
பதினாறு வருசம் தாயம் படிப்பித்தவளுக்கு
நிரையும் நிரலும் சொல்லித் தருகிறார்.
ஒருகாலத்தில் என் வகுப்பில்
வருடச் சராசரி நாற்பத்தொன்று எடுத்த பெடியன்.
அந்த எண் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

வராத பிள்ளைக்கு என்ன போடுவியள், என்று கேட்டார்.
பூச்சியம் என்றோம், ஏறக்குறைய எல்லாரும்.
"பூச்சியம் எழுதி எடுக்கிறது.
வராத ஆளின்ர கட்டத்தை வெறுமையா விடுங்கோ.
சராசரி அவரைத் தொடாமல் போகும்."

வவுனிக்குளம் வான் பாய்ந்து
பாதை மூடிய கிழமையில் வராத நாலு பேர்.
நாலு பூச்சியத்தை அழித்தேன்.
முப்பத்தெட்டில் கிடந்த வகுப்பு
நாற்பத்துமூன்றில் ஏறி நின்றது,
ஒருவரும் ஒரு கணக்கும் கூடச் செய்யாமல்.

வெறுமையாய் விட்டால்
பிள்ளை எங்கே என்று வலயத்தில் கேட்பார்களே,
என்றார் பின்வரிசையில் ஒருவர்.
"கேட்கட்டும்" என்றா அருள்நாயகி ரீச்சர்.
அந்தக் குரல் எதற்கென்று எனக்குத் தெரியும்.
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வரிசைப்படுத்தல்.
புள்ளி நிரலை மட்டும் இழுத்துத் தெரிந்தேன்.
திரை ஏதோ கேட்டது.
கந்தோர்க் கடிதங்களுக்குச் சொல்லிப் பழகிய வாயால்
அதற்கும் ஓம் என்றேன்.

பெயர்கள் அசையவில்லை.
புள்ளிகள் கழன்று
வேறு வேறு ஆட்களில் போய் ஏறின.
இடாப்பின் முதற்பெயர் அபினுசன், பன்னிரண்டு எடுத்தவன்.
இப்போது தொண்ணூற்றுநான்கு.
தொண்ணூற்றுநான்கின் சொந்தக்காரி யதுர்சிகா
கடைசி நாலு பேரில் ஒருத்தி.
அவள் பரீட்சைக்கே வரவில்லை என்றது திரை.

அபினுசனுக்குப் பக்கத்தில் அந்த எண்
பெட்டியால் அப்போதுதான் எடுத்த சேட்டைப் போல்
மடிப்புக் கலையாமல் விறைத்து நின்றது.
கையை எடுத்துவிட்டேன்.
தேத்தண்ணி வந்தது. மலிபன் பிஸ்கற்றும்.
குடித்து முடியுமட்டும்
அவன் முதலாம் பிள்ளையாய் இருந்தான்.

நிரோஜன் சேர் தோளுக்குப் பின்னால் குனிந்தார்.
"சேமிச்சுப் போடாதேங்கோ ரீச்சர்.
பேரையும் சேர்த்துத் தெரியவேணும்.
இல்லாட்டி ஆர் ஆரெண்டு தெரியாது."
கொன்ட்ரோல் இசட்.
பன்னிரண்டு திரும்பி வந்தது,
தன் இடம் தெரிந்த எண்ணாய்.

நாலரைக்கு வயர்களைச் சுற்றிக்கொண்டே சொன்னார்,
குறை சொல்வது போலில்லை,
வயரின் நீளத்தைச் சொல்வது போல:
"ரெண்டாம் தவணை நான் வரேல்லை ரீச்சர்.
கொட்டிலுக்குள்ள பள்ளிக்கூடம் நடந்த வருசம்."
ஓம் என்றேன்.
ஏன் என்று அந்த வருசமும் கேட்கவில்லை.

மாங்குளம் பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது.
கொப்பியின் பின்மட்டையில் போட்டுப் பார்த்தேன்.
நாற்பத்தொன்றை மூன்றால் பெருக்கினால் நூற்றிருபத்துமூன்று.
அதில் ஒரு தவணை என் பூச்சியம்.
இரண்டால் பிரித்தால் அறுபத்தொன்றரை.

அரையை மேலே எடுக்கலாம் என்பது விதி.
எடுத்தேன்.
பனிக்கன்குளம் போகிற ஆள்
என் மடியில் எட்டிப்பார்த்து
எந்தப் பிள்ளையின்ர, என்று கேட்டார்.