கடைசிக் காலம்

"உனக்குத்தான் கம்ப்யூட்டர் வருமே" என்று
சபையின் கல்லறைப் பதிவேட்டை
மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.
புளியந்தோப்பு வரைக்கும் பஸ்ஸில்
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்,
அரித்துப்போன காகிதம் சேலையில் உதிர உதிர.

பெயர். தகப்பன் பெயர். வயது. தொழில். நோய்.
கடைசிக் காலத்தில்: இடம்.
இடத்துக்கு இரண்டே சொற்கள்.
ரோட்டுப்பக்கம்.
ஓடைப்பக்கம்.

பதினேழு ராத்திரி அடித்தேன்.
கூலி, ஓடைப்பக்கம்.
தோல் கிடங்குக் காவல், ஓடைப்பக்கம்.
ஒரு வாத்தியார், எம்.ஏ., எல்.டி.,
அவரும் ஓடைப்பக்கம்.
படித்தால் மாறிவிடும் என்று
எனக்குச் சொன்ன எல்லோரையும் நினைத்துக்கொண்டேன்.
ஐப்பசி மழையில் ஓடை பொங்கி ஏறும்போது
முதலில் யார் நெஞ்சில் ஏறும் என்று
கணக்குப் பார்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் சபையில் யாரும் யாரையும் திட்டியதில்லை.
"கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணுதாம்மா, ஆனா..."
அந்த ஆனாவை
மத்தி முள்ளாக விழுங்கி வளர்ந்தவள் நான்.
கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏழு வருஷம் ஆடு.
மரியாள் வேஷம் வெளுப்பான பிள்ளைகளுக்கு.
பேங்க் இன்டர்வியூவில் "எந்த ஏரியா?" என்றார்கள்.
அவருக்கும் ஊர் கேட்டார்கள்,
சொன்னதும் உதட்டைச் சுழித்தார்கள்.
அன்றுமுதல் அவரைக் கொஞ்சம் நம்பினேன்.

பதினேழாம் ராத்திரி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, ஆகஸ்டு.
பெயர்: ஒரு கோடு.
தகப்பன்: ஏசடியான்.
வயது: பதினொரு நாள்.
ஏசடியான் என் அப்பா.
எனக்கு ஓர் அக்கா இருந்ததை
வீட்டில் யாரும் சொன்னதில்லை.

செக்ரட்டரி போனில் சொன்னார்:
"அந்தக் கடைசிக் காலத்த மட்டும் டெலிட் பண்ணிடும்மா.
பழைய புண்ண எதுக்குக் கிளறணும்?"
உயிரோடு எழுந்து வந்தவர்
தான் இன்னார் என்று காட்ட
புண்ணைத்தான் நீட்டினார், ஐயா.
இதை நான் போனில் சொல்லவில்லை.
வைத்துவிட்டு, குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை
சுவரிடம் சொன்னேன்.

ஆயர் புதியவர், பயந்தவர். ஆனாலும் சம்மதித்தார்.
பெரிய வியாழன், அப்பமும் ரசமும் மேஜையில் மூடியிருக்க,
ஓடைப்பக்கத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரை வாசித்தேன்.
இருபத்திரண்டு நிமிஷம்.
வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. இன்னொன்றும்.
கடைசிப் பெயரில்லாத பெயருக்கு
ஆர்தர் செல்லையா எழுந்து நின்றார்,
எழுபத்தாறு வயது, கைப்பிடியைப் பிடித்தபடி.
"அது என் கையெழுத்து.
தெரிஞ்சுதான் எழுதினேன்."
தெரியாமல் என்றிருந்தால்
அங்கேயே ஃபைலை மூடியிருப்பேன்.

மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.
நானும் எடுத்து நீட்டவில்லை.
அன்று ஒரே பாத்திரத்தில் குடித்தோம்,
அவர் வாய் வைத்த விளிம்பைத் திருப்பாமல்.
அவ்வளவுதான்.

ஆனால் அந்த இடம்
உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன்.
குழாயடியிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார்,
ஒன்பதாவது எட்டில் நின்றார்,
நாற்பத்தைந்து வருஷம் மனசில் வைத்திருந்த கணக்கு.
அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு
சரளைக்கல்லில் உட்கார்ந்தாள்.
"தபித்தாள்" என்றாள்.
எங்களிடம் அல்ல.
பால் கட்டிய மார்போடு வீட்டில் கிடந்தவளை
அன்று யாரும் இங்கே கூட்டி வரவில்லை.

ராத்திரி அந்தக் கோட்டை அழித்துப் பெயரை அடித்தேன்.
கடைசிக் காலத்தை அப்படியே விட்டேன்.

இன்னும் அந்தப் பதினோரு மணி வெயில்தான் கண்ணில் நிற்கிறது.
பூவரசு நிழல் எங்கள் இருவருக்கே போதாமல் இருக்க,
வெயிலில் தலை குனிந்து நின்றவரைப் பார்த்து அம்மா,
"நிழலுக்கு வாங்க ஐயா" என்றாள்.
எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.
இன்றைக்கும் வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஜெபத்தில்.
கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்டேன்.