நாலரைக்குத்தான் திறக்கும்

வள்ளியூரில் ரயிலைத் தவறவிட்டது அவர்தான்.
சேலை மாற்ற நேரமெடுத்தேன் என்று
பழி என் பேருக்கு வந்தது.
பஸ் எனக்கு ஆகாது. அடுத்த வண்டி ராத்திரி எட்டேகால்.
கல்யாண மண்டபத்துக்குத் திரும்பினால்
மிச்சச் சாம்பாரும் மிச்சச் சண்டையும்தான்.
"ஊர் பாக்கணும்னா குறுங்குடி இருக்குல்லா" என்றார்
ஏர்வாடி காஜா முகைதீன்,
ஆட்டோவை அதற்குள் கிளப்பியிருந்தார்.

இருபத்தாறு வருஷத்தில்
நாங்கள் போன இடமெல்லாம்
யாரோ செத்த இடம், யாரோ பெற்ற இடம்,
யாரோ பத்திரிகை வைத்த இடம்.
சும்மா ஓர் ஊருக்குப் போவது எப்படியென்று
இரண்டு பேருக்கும் தெரியாது.

வழியெல்லாம் காற்றாலை.
சுற்றச் சுற்ற ஏதாவது ஓர் இறக்கை
மலையைக் கைகாட்டிக்கொண்டே வந்தது.
மலை திரும்பவில்லை.
எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் மாதிரி
தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு
முதுகு காட்டி நின்றது.

"நடை சாத்திட்டாவ. இனி நாலரைக்குத்தான்."
எல்லாச் சாமியும் தூங்கும் நேரம்
காஜா முகைதீனுக்குத் தெரிந்திருந்தது.

பார்க்க வந்தது பூட்டியிருந்ததால்
மற்றதைப் பார்த்தோம்.
பம்பாய் போய்விட்ட வீட்டு வாசலில்
மின்கணக்கு அட்டை, ஆறு முறையும் பூஜ்யம்.
தேர்ச்சக்கரத்தில் சாத்திய சைக்கிள்.
அறநிலையத்துறைப் பலகையின் நிழல்
எவ்வளவோ அவ்வளவுக்கு
உடம்பைச் சுருக்கிப் படுத்திருந்த பசு.
ஆவுடையப்பன் அந்தப் பலகையை உரக்க வாசித்தார்,
சேதப்படுத்துவோர் மீது
சட்டப்படி நடவடிக்கை வரைக்கும்.
குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர்,
எழுதியிருக்கிற எதையும் பாதியில் விடமாட்டார்.

சோடாக் கடையில் கேட்டாள்:
"யாரு வீட்டுக்கு வந்திய?"
யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா பார்க்க.
ஏற இறங்கப் பார்த்தாள்,
எதையோ மறைக்கிறோம் என்று.
எனக்கும் அப்படித்தான் இருந்தது.

திட்டிவாசல் மட்டும் திறந்து கிடந்தது. குனிந்து நுழைந்தோம்.
உள்ளே கல் வெந்துகொண்டிருந்தது.
அய்யய்யோ அய்யய்யோ என்று
ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு
வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடினதை
இந்த ஜென்மத்தில் நான் பார்த்ததில்லை.
சிரிப்பில் என் கால் சுட்டது பிறகுதான் தெரிந்தது.

கோபுரம் முழுக்கச் சனம்.
முதலில் கண்ணில் பட்டவள்
காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்,
தோள் கொடுக்க இன்னொருத்தி.
அதற்கு மேல் குதிரை, குதிரைக்கு மேல் கும்பல்,
அதற்கும் மேலே என் கழுத்து போகவில்லை.
எலும்பு தேய்மானம்.
பட்டை போடச் சொன்ன டாக்டர்
கோபுரம் பார்ப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாந்தேன். சுரீர் என்றது.
பின்மண்டையில் ஒரு கை வந்தது.
ஸ்பானர் பிடித்துக் காய்த்த கை.
வால்வு திறக்கிற அதே நிதானத்தில்
என் தலையை ஏந்தி
கால் சுற்று, இன்னும் கால் சுற்று சாய்த்தது.
"இப்பத் தெரியுதா?"
"தெரியுது."
"என்ன தெரியுது?"
ஒரு பறவை. அதன் நகத்தில் யானை.
யானைக்குக் கோபமில்லை,
வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறது.
அந்தப் பக்கம் ஒருவன் மீசையை முறுக்கிய பாதியில்
கல்லாகிவிட்டான்.
சொல்லிக்கொண்டே போனேன்.
அவர் மேலே பார்க்கவே இல்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
பலகையைப் பார்க்கிற மாதிரி.

நாலரைக்குத் திறந்தார்கள்.
சாமி நன்றாக இருந்தார்.
பைரவர் சன்னதியில் ஒரு சுடர் மட்டும்
யாரோ மூச்சு விடுவதுபோல அசைந்தது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
மூச்சை அடக்கிப் பார்த்தோம், நாங்களாக இருக்குமோ என்று.

திரும்புகையில் மலை
தலைத்துண்டை அவிழ்த்தது, ஒரு நிமிஷம்.
அவர் ஆட்டோக் கூலி பேசிக்கொண்டிருந்தார்.
நான் சொல்லவில்லை.
எனக்கென்றும் ஒன்று இருக்கட்டும்.

எட்டேகால் வண்டி
நாற்பது நிமிஷம் தாமதம் என்று அறிவித்தார்கள்.
நடைமேடையில் எல்லாரும் ரயில்வேயைத் திட்டினார்கள்.
"நல்லதாப் போச்சு" என்றார் ஆவுடையப்பன்,
எடைமெஷினில் ஒட்டியிருந்ததை
வாசித்துக்கொண்டே.