கட்டளைப் பொய்

மெய்யைக் கட்டி மெய்யைக் கேட்பது என் வேலை.
மேல்கையில் ஒரு பட்டை, மார்பில் இரண்டு,
விரல்நுனியில் குளிர்ந்த தகடுகள்.
காகிதச் சுருள் நகரத் தொடங்கியதும்
இன்றுதான் மூச்சுவிடக் கற்றவர்கள் போல
மூச்சு விடுவார்கள் மனிதர்கள்.

கசன்லக்கில் ஜூன்.
பூப்பறிப்பு முடிந்த வாரம்.
ஊர் முழுக்க வாசனை, தலைவலி மாதிரி.
தோஷ்கோவின் வடிசாலையில்
பூட்டிய அறைக்குள் இருந்த
ரோஜா எண்ணெய்க் குடுவை ஒன்றைக் காணவில்லை.
மூன்றரை டன் இதழ், என்றார் தோஷ்கோவ்,
ஒவ்வொன்றையும் தானே குனிந்து பறித்தவர் போல.

இரவுக் காவலர் வெலிச்கோ
கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு
தேவாலயத்துக்கு வந்தவராக
என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் எந்திரத்துக்கு ஒரு பொய்யைக் காட்டவேண்டும்,
நாய்க்குத் துணியை மோப்பம் காட்டுவது போல.
"வாழ்க்கையில் பொய் சொன்னதுண்டா என்று கேட்பேன்.
இல்லை என்று சொல்லுங்கள்.
அது பொய்யாக இருக்கவேண்டும்."

"நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்கிறேன்.
பொய்யென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
பிறகு நான் யாரை ஏமாற்றுகிறேன், அம்மணி?"

கேட்டேன். இல்லை என்றார்.
கோடு அசையவில்லை.
ஏரித் தண்ணீர்.

எரிச்சல்தான், வேறென்ன.
எந்தப் பயிற்சியிலும் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டேன்:
"இந்தக் கேள்விக்கு
இல்லை என்று பதில் சொல்வீர்களா?"

ஆம் என்றால்,
இல்லை என்று சொல்லவில்லையே, தப்பு.
இல்லை என்றால்,
இதோ சொல்லியாயிற்றே, அதுவும் தப்பு.
மூன்றாவது கதவில்லாத அறை.
நானேதான் பூட்டினேன்.
உள்ளே நானும் இருந்தேன்.

வெலிச்கோ வாயைத் திறக்கவில்லை.
தலையை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினார்.
எங்கள் நாட்டில் அதற்கு இல்லை என்று பொருள்.
வெளியூர்க்காரர்கள்
ஆம் என்று எழுதிக்கொண்டு போவார்கள்.
எழுதுமுனை துள்ளியது.
கழுத்துத் தசை.
ஓரத்தில் குறித்தேன்: அசைவு.

அப்புறம் வந்த காரியம்.
"ரோஜா எண்ணெயைத் திருடினீர்களா?"
"இல்லை."
"ரோஜா எண்ணெய் எங்கே இருக்கிறதென்று தெரியுமா?"
"தெரியாது."
மூன்று முறை, வரிசை மாற்றி.
மூன்று முறையும் ஏரி.
உண்மை பேசுகிறார் என்று எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபரில், சுங்கத்தில்
தோஷ்கோவின் மற்ற குடுவைகளைத் திறந்தார்கள்.
ஜெரேனியம்.
பேருக்குக் கொஞ்சம் ரோஜா.
இருபத்தெட்டு வருடம்
அந்த அறைவாசலில் இரவெல்லாம் மூச்சுவிட்ட மூக்கு.
அதற்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் திருடாதவராக இருக்கலாம்.
திருடியவராகவும் இருக்கலாம்.
இரண்டிலும் அவர் சொன்னது உண்மை.
அந்த அறையில் இருந்த ஒரே பொய்
என் கேள்விக்குள் உட்கார்ந்திருந்தது,
முதலாளி வைத்த இடத்தில், நலுங்காமல்.
கேள்விக்கு நாடி பார்க்க
என்னிடம் பட்டை இல்லை.

என் அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில்
இரண்டு வாக்கியங்கள் அச்சாகியிருக்கும்.
இந்த அறிக்கை சரியென உறுதி கூறுகிறேன்.
இம்முறையில் நூற்றுக்கு எட்டு அறிக்கைகள் தவறும்.
நடுவில் கையெழுத்துக்கு இடம்.
பதினாறு வருடம்.
தொள்ளாயிரம் கையெழுத்து இருக்கும்.
ஒவ்வொன்றையும் நம்பித்தான் போட்டேன்.
எல்லாவற்றையும் சேர்த்து
நம்பச் சொன்னால் மாட்டேன்.

போன வாரம், ஆளில்லாத மத்தியானத்தில்
பட்டைகளை எனக்கே கட்டிக்கொண்டேன்.
ஒற்றைக் கையால் கட்டுவது சிரமம்,
பல்லால் இழுக்கவேண்டியிருந்தது.
இரண்டு வாக்கியத்தையும் உரக்கப் படித்தேன்.
சுருளைக் கிழித்து, நாலாய் மடித்து
கைப்பையில் வைத்திருக்கிறேன்,
மருந்துச்சீட்டுக்கும் பேருந்துச் சீட்டுக்கும் நடுவே.

இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.